பித்தளைத் தகட்டுக்குப் பின்னால்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் தெருவில் ரெட்டைப்பூட்டு என்று பெயர். பூட்டுக்கடை வைத்திருப்பதால் மட்டும் வந்த பெயரல்ல அது. பால்காரர் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தால், "எதுக்குத் திரும்பினான்?" என்று அன்று முழுக்க யோசிக்கிற மனுஷர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அன்பாகச் சிரித்துவிட்டால் போச்சு, உள்ளே போய் அலமாரிக் கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நான் அவருக்கு மச்சினி. அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் கீழ்ப்பகுதி என்னுடையது. முன்னறையில் தையல் இயந்திரம், பின்னறையில் குடித்தனம். கூடப்பிறந்தவள் எனக்கே அக்கா வீட்டுச் சாவி கிடையாது. கேட்டால், "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. உன் கடைக்கு வந்துபோறவங்க மேலதான்" என்பார். அளவு கொடுக்க வருகிற பெண்களெல்லாம் அவர் கண்ணுக்குக் கொள்ளைக் கூட்டம்.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. வேலை பழகி முடித்த புதிதில், ஒரே அறையில் தங்கி ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன் ஒருவன் அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அறையைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வாசல் மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனானாம். அந்த அக்கறையைத்தான் மாமாவால் மன்னிக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து யார் அக்கறை காட்டினாலும் அவர் கை முதலில் பூட்டைத்தான் தொட்டுப் பார்க்கும்.

ஆனால் தொழிலில் புலி. எங்கள் தெருவில் அநேகமாக எல்லாக் கதவிலும் அவர் போட்ட பூட்டுதான். ஒவ்வொன்றிலும் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, அதில் ஒரு கண் பொறித்திருக்கும். அது அவருடைய முத்திரை. வீட்டுப் பெண்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். யாராவது சாவியைத் தொலைத்துவிட்டால் மாமா வருவார். "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்பார். நாங்கள் திரும்புவோம். ஒரு இருமல் கேட்கும், கதவு திறந்திருக்கும். கைராசிக்காரர் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றோமே தவிர, எப்படி என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தெருமுனையில் மூடிக்கிடந்த மரக்கிடங்கில் ஆம்புலன்ஸ் நிலையம் வந்தபோதுதான் மாமாவுக்குத் தூக்கம் போனது. இரண்டு வண்டிகள், கொஞ்சம் ஆட்கள். அதில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, ஊதாச் சட்டை போட்ட முதலுதவிக்காரப் பெண். எப்போதும் தலையை இறுக்கி முடிந்திருப்பாள், பேச்சு மட்டும் தளர்வாக வரும். இன்னொருவர் ஓட்டுநர்; ஆள் பீரோ மாதிரி, குரல் பூனை மாதிரி.

அழைப்பு இல்லாத நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அவர்களுக்குத் தெரியவில்லை. வீடு வீடாக வந்தார்கள். யாருக்கு என்ன உடம்பு, எந்த மாடி, கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று விசாரித்தார்கள். அதோடு விட்டார்களா? காலியான ஸ்ட்ரெச்சர் படுக்கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு மாடிப்படியிலும் ஏறி, வளைவில் அது திரும்புகிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினார்கள். நோயாளியே இல்லாமல் நோயாளியைத் தூக்கிப் பழகுகிற ஆட்களை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

மாமா மூச்சிரைக்க என் கடைக்கு வந்தார். "பார்த்தியா? படிக்கட்டை அளக்கறாங்க."

"அதனால என்ன மாமா? ஆபத்துன்னா தூக்கிட்டுப் போகணுமில்ல?"

"தூக்கிட்டுத்தான் போவாங்க. பீரோவை. அந்தப் படுக்கையோட நீளத்தைப் பார்த்தியா? நம்ம வீட்டு பீரோ கச்சிதமா உட்காரும்."

சிரித்தால் கோபம் வரும் என்று நூலைக் கோர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்து வகுப்புகள் ஆரம்பித்தன. தெருவின் பொதுக்கூடத்தில் வாரம் ஒருநாள், மாலையில். நெஞ்சு நின்றுபோனவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று சொல்லித்தருவார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு பொம்மையைத் தரையில் படுக்க வைத்து, அதன் நெஞ்சை எல்லோரையும் அழுத்தச் சொல்வார்கள். அந்தப் பெண் அதற்குப் 'பங்காளி' என்று பெயர் வைத்திருந்தாள். எவ்வளவு அடித்தாலும் மறுபடி கூடத்துக்கு வந்துவிடுகிறானாம்.

மாமா ஒரு வகுப்பையும் விடவில்லை. ஆனால் உட்காரமாட்டார். கடைசியில் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். கடைசியில் எதையாவது விற்பார்கள், அந்த நிமிஷத்தில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. டானிக் வரும் என்றார், வரவில்லை. ஏதோ ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றார், அந்தப் பேச்சே எழவில்லை. எதையும் விற்காதது அவருடைய சந்தேகத்தை இன்னும் வளர்த்தது.

ஒருநாள் அந்தப் பெண்ணே அவரைக் கூப்பிட்டாள். "சார், வாராவாரம் நின்னுக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவை அழுத்திப் பாருங்களேன்."

"வேணாம்."

"பங்காளி ஒண்ணும் சொல்லமாட்டான் சார்."

"கைரேகை பதியுமில்ல?" என்றார் மாமா. கூடமே சிரித்தது. அக்காவுக்கு அவமானமாகப் போயிற்று, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்? அதை முதல்ல சொல்லுங்க" என்று மாமா கேட்டார்.

அவள் பொம்மையின் முகத்தைத் துணியால் துடைத்தபடி சொன்னாள்: "நாங்க வந்து சேர்றதுக்குள்ள யாராவது கை வச்சிருந்தா, நாங்க வந்ததுக்கு ஒரு பலன் இருக்கும் சார். இல்லேன்னா பல வீட்டுல நாங்க சும்மா வந்து நின்னுட்டுப் போறோம். அது எங்களால முடியல."

மாமா வெளியே வந்ததும், "நல்லாப் பேசுறா. ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் ஓட்டுநர் பூட்டுக்கடைக்கே வந்துவிட்டார். நான் அப்போது என் கடை இழுப்பறைக்குச் சாவி போட வந்து நின்றுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பூனைக்குரலில் கேட்டார்: "அண்ணே, இந்தத் தெருவுல எல்லாம் உங்க பூட்டுதான். உள்ள ஒருத்தர் விழுந்து கிடக்கறாருன்னு வைங்க, சாவி இல்லே. கதவை உடைக்கறதுக்கு நேரம் ஆயிடுது. உடைக்காம திறக்க ஏதாவது வழி இருந்தா எங்களுக்கு மட்டும் சொல்லித்தாங்களேன்."

மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை நாள் தூண்டில் போட்டுக் காத்திருந்தவர் கையில் மீன் தானாக வந்து விழுந்த சந்தோஷம்.

"என் பூட்டுக்குச் சாவியைத் தவிர வேற வழியே கிடையாது" என்றார். "தலைகீழா நின்னாலும் கிடையாது."

ஓட்டுநர் தலையாட்டிவிட்டுப் போனார். மாமா அன்றைக்கே கடையை அடைத்துவிட்டு, தன் வீட்டுத் தெருக்கதவுக்குப் புதிதாக ஒரு இரும்புச் சட்டம் அடித்து, கண் தகட்டோடு புதுப் பூட்டும் மாட்டினார். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளிருந்து வருவதற்கும் சாவி வேண்டும். மாடியில் வீட்டுக் கதவுக்கும் அப்படியே. சமையலறை ஜன்னல் தெருக்கதவுக்கு நேர்மேலே இருக்கிறது. அதற்குச் சுண்டுவிரல்கூட நுழையாத கம்பிவலை. அக்கா மாடியிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "குரல் மட்டும்தான்டி வெளிய போக விட்டிருக்காரு, அதுக்கும் பூட்டு வாங்கிட்டு வரப்போறாரு" என்றாள்.

அக்காவுக்குச் சில நாளாகவே படியேறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது அந்த ஊதாச் சட்டைப் பெண் அதைக் கவனித்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருந்தாள். ஆள் பிடிக்கிறாள் என்று மாமா தடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்த ஒருநாள், தட்டைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா அப்படியே சமையலறைத் தரையில் சாய்ந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சில்லை. மாமா தொலைபேசியில் அவசர உதவியைக் கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு பெண் முகவரி கேட்டாள், சொன்னார். "கதவு திறந்திருக்கா சார்?" என்று கேட்டாள். வாழ்நாள் பழக்கம் எங்கே போகும்? "ஏன் கேக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெண்டாட்டி மூச்சில்லாமல் கிடக்கிறாள், இவர் குறுக்கு விசாரணை செய்கிறார்.

"சரி சார், நெஞ்சை அழுத்த ஆரம்பிங்க. நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.

பொம்மையை ஒருதரம்கூடத் தொடாதவர். ஆனால் அந்தப் பெண்ணின் கை எங்கே போகிறது, முழங்கை எப்படி நிற்கிறது, எவ்வளவு ஆழம், என்ன வேகம் என்று வாராவாரம் பருந்து மாதிரி பார்த்தவர். மண்டிபோட்டார். உள்ளங்கையின் அடியை அக்காவின் நடுநெஞ்சில் வைத்தார். ஆரம்பித்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. சைரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஆம்புலன்ஸ் அக்கா வீட்டு வாசலில் நின்றது. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்தப் பெண் பையும் கையுமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் தோளால் இடித்தார். இரும்புச் சட்டம் அசையவே இல்லை.

"அக்கா! மாமா!" என்று கத்தினேன்.

மேலே கம்பிவலைக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் வர முடியாது! அழுத்திக்கிட்டிருக்கேன்! நிறுத்தினா அவ போயிடுவா!"

"சாவியைத் தூக்கிப் போடுங்க மாமா!"

"வலை இருக்கே!" என்று அலறினார். அந்த அலறலில் அழுகையும் இருந்தது. நான் அவரை அப்படிக் கேட்டதே இல்லை.

ஓட்டுநர் கடப்பாரை எடுக்க வண்டிக்கு ஓடினார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, "சார், நீங்க அழுத்துறதை விடாதீங்க! சரியாத்தான் செய்யறீங்க! நாங்க உடைச்சிட்டு வர்றோம்!" என்று கத்தினாள். அதற்குள் தெருவே கூடிவிட்டது. மூன்றாவது வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இஸ்திரிக்காரர், மாடி வீட்டு மருமகள்கள் எல்லோரும் நின்றார்கள். கடப்பாரை சட்டத்தில் பட்டுப் பட்டு வழுக்கியது. மாமா தன் கையால் அடித்த சட்டம், அவ்வளவு லேசில் விடுமா?

மேலே அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். பிறகு வார்த்தை வார்த்தையாக, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்றாக வந்தது.

"தகட்டை... உள்ள... அழுத்து!"

"எந்தத் தகடுண்ணே?" என்றார் ஓட்டுநர்.

"கண்ணு! கண்ணு போட்ட... தகடு! அழுத்திக்கிட்டே... இடப்பக்கம்... திருப்பு! பின்னால... கம்பி இருக்கு... இழு!"

கதவுக்கு மிக அருகில் நான்தான் இருந்தேன். பெருவிரலால் அந்தக் கண்ணை அழுத்தினேன். உள்ளே போயிற்று. திருப்பினேன், திரும்பியது. பின்னால் சின்ன வளையமாகக் கம்பி. இழுத்தேன். எந்தப் பூட்டைச் சாவியைத் தவிர வேறெதுவும் திறக்காது என்று சத்தியம் செய்தாரோ, அது வாயைத் திறந்துகொண்டது.

நாங்கள் உள்ளே பாய்ந்தோம். ஓடும்போது ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். தெருவில் நின்ற ஒருத்தரும் மாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி அவரவர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடிக் கதவையும் அதே மாதிரி திறந்தோம். மாமா வேர்வையில் நனைந்து, அக்காவின் மேல் குனிந்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பக்கத்தில் மண்டிபோட்டு, "சார், இப்ப கையை எடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள். அவர் அழுத்துவதை விடாமல் அவளை ஒரு பார்வை பார்த்தார். பால்காரரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு கையை எடுத்தார்.

அவள் கை உடனே அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. ஓட்டுநர் அக்காவின் நெஞ்சில் கருவியை ஒட்டினார். எல்லோரையும் விலகச் சொல்லி மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மறுபடி அழுத்தினார்கள், மறுபடி அதிர்ச்சி. அப்புறம் அந்தப் பெண் கழுத்தில் விரல் வைத்து, "வந்துட்டாங்க" என்று சொன்னாள். எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கை மாடிப்படி வளைவில் ஒரு இடத்திலும் இடிக்காமல் திரும்பியதை மட்டும் பார்த்தேன். பழகியிருந்தார்களே.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அக்கா முதலில் சொன்னது: "பூட்டை உடைக்க விடமாட்டீங்க, என் விலா எலும்பை மட்டும் உடைச்சிட்டீங்களே." மாமா அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

அக்கா பிழைத்துவிட்டாள். மாமாவின் பெயர்தான் போய்விட்டது. தெருவில் எல்லாத் தகட்டின் மேலும் ஒட்டு நாடா முளைத்தது. சிலர் கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாய்த்து வைத்துக்கொண்டு தூங்கினார்கள். எத்தனை வருஷமாக எங்கள் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் வர இவருக்கு வழி இருந்திருக்கிறது! எப்போதோ காணாமல் போன கம்மலும் குடையும் எல்லாருக்கும் இப்போது ஞாபகம் வந்தன. நான் மட்டும் உத்தமியா? என் இழுப்பறைப் பணத்தை ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்மேலேயே எரிச்சல் பட்டேன்.

"எதுக்கு மாமா அப்படி ஒரு வழி வச்சீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"ஆரம்பத்துல ஒரு வீட்டுல, உள்ள குழந்தை மாட்டிக்கிச்சு. கதவை உடைக்கறதுக்குள்ள அது அழுது அழுது நீலமாயிடுச்சு. அதுக்கப்புறம் வழி இல்லாம பூட்டுப் போட மனசு வரல. சொன்னா யார் வாங்குவா?" என்றார். உண்மையா, இப்போது கட்டிய கதையா, எனக்குத் தெரியாது. அவரிடம் பழகியவளுக்குச் சட்டென்று நம்புகிற பழக்கம் எப்படி வரும்?

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எல்லாப் பூட்டிலும் அந்த வழியை அடைத்துத் தருகிறேன் என்று வீடு வீடாகப் போனார். ஒரு கதவும் திறக்கவில்லை. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும், தட்டினால் நின்றுவிடும். தெருமுனையில் சோர்ந்து நின்றவரை அந்த ஊதாச் சட்டைப் பெண்தான் பார்த்தாள்.

"நாங்களும் அந்தப் பக்கம்தான் போறோம் சார். கூட வாங்க. கதவைத் திறக்காதவங்க எங்களுக்குப் புதுசில்ல" என்றாள்.

முதலில் கணக்கு வாத்தியார் வீடு. நானும் துணைக்குப் போயிருந்தேன். சங்கிலியை மாட்டியபடி கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"இப்ப எதுக்கு வந்திருக்கீங்க? இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்றார் வாத்தியார்.

மாமா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் லாபம் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கு வாத்தியாரே" என்றார் மாமா. "இவங்க கொடுத்தது. அதான் வந்தேன்."

அந்தக் கண் மாமாவின் கருவிப் பெட்டிக்கு ஒருதரம் போய் வந்தது. பிறகு சங்கிலி கழலும் சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுப் பூட்டையே மாற்றிக்கொண்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கடைசியாக என் கதவுக்கு வந்தார். உட்கார்ந்து தகட்டைக் கழற்றினார், கம்பியை உருவினார். நான் தையலை விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வேறு ஏதாவது வைக்கிறாரா என்று. அவர் நிமிர்ந்தார். பிடிபட்டவள்போல் நான் பார்வையைத் திருப்பினேன்.

"திருப்பாதே, நல்லாப் பாரு" என்றார். "நானும் சுவரோரமா நின்னு அந்தப் பொண்ணு கையை இப்படித்தான் பார்த்தேன். அதனாலதான் உங்க அக்கா இருக்கா."

அவர் வேலையை முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.